மைக்கைப் பேசவைத்தவர்

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அங்கு எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் குறையொன்றும் இல்லை. கம்பன் விழா வழக்கம்போல் நடந்தது. பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டைக்கும் போய்க் கம்பனை வணங்கிவிட்டு வந்தேன். மைக்செட் கடையை இப்போது பையன்தான் பார்த்துக்கொள்கிறான். பழைய ஆம்ப்ளிஃபயர்களை விற்க எனக்குத்தான் மனம் வரவில்லை.

உன் வீட்டுச் செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதிக் கடிதம் முழுக்கப் பெண்ணைப் பற்றியே எழுதியிருக்கிறாய். பொறியியல் படித்த பெண் ஒலியை வைத்துக் கலை செய்யப்போகிறேன் என்கிறாள், இது ஒரு பிழைப்பா என்று கேட்கிறாய். குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போன நம்மிடம் அவள் அனுமதி கேட்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீ முடிவு சொல்வதற்கு முன்னால் ஷில்பா குப்தா என்ற கலைஞரைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும்.

1976இல் பிறந்தவர், மும்பைக்காரர். அங்குள்ள ஜே.ஜே. கலைப் பள்ளியில் சிற்பம் படித்து 1997இல் பட்டம் பெற்றார். 2018 டிசம்பரில் கொச்சியில் தொடங்கிய பினாலே கலைக் கண்காட்சியில் அவருடைய படைப்பு ஒன்று இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் ஓர் அறை. மேலிருந்து நூறு மைக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் தரையிலிருந்து எழும் கூரான கம்பி. அதன் முனையில் குத்திய ஒரு தாள். தாளில் கவிதை வரிகள். நம் பெட்டியடியில் பில் குத்தி வைக்கும் கம்பியை நினைத்துக்கொள், அப்படித்தான் இருந்தது. நூறு தாளும் நூறு கவிஞர்களுடையவை. எட்டாம் நூற்றாண்டு முதல் நம் காலம் வரை, எழுதியதற்காகவோ கொண்ட கொள்கைக்காகவோ சிறைப்பட்டவர்கள். ஒரு மைக்கிலிருந்து ஒரு குரல் எழுகிறது. மற்ற தொண்ணூற்றொன்பதும் அதை வாங்கிச் சேர்ந்து சொல்கின்றன. அந்த வரி அடங்கியதும் அறையின் வேறொரு மூலையில், வேறொரு மொழியில் அடுத்த குரல். அரபி, ரஷ்யன், ஸ்பானிஷ், அசர்பைஜானி, இந்தி என்று மாறிக்கொண்டே இருக்கிறது. பாதி மொழிகள் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்த அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. ‘உன் நாவினுள் நான் அடங்கமாட்டேன்’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். மத நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட நசீமி என்ற அசர்பைஜானியக் கவிஞரின் வரியிலிருந்து பிறந்த பெயர் அது.

கவனித்தாயா, பேசியது மைக்! நம் தொழிலில் மைக் வாங்கும், ஸ்பீக்கர் கொடுக்கும். ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சங்கதிதான் என்று நமக்குத் தெரியும்: ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு மெல்லிய சவ்வு. சவ்வு அதிர்ந்தால் சுருளில் மின்சாரம். சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் சவ்வில் ஒலி. அவர் மைக்கின் இணைப்பைத் திருப்பி அதையே பேசவைத்துவிட்டார். பேசக்கூடாது என்று அடைக்கப்பட்டவர்களின் குரல், கேட்பதற்கென்று செய்த கருவியிலிருந்து வருகிறது. இத்தனை காலம் மைக்கைக் கையில் வைத்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இது திடீரென்று வந்த யோசனையும் அல்ல. பத்தாண்டுக்கு முன்பே ஆயிரக்கணக்கான மைக்குகளை ஒன்றாகக் கட்டி, கரிய மேகமாகத் தொங்கவிட்டுப் பாடவைத்தவர் அவர். அதற்கும் முன்பு, குஜராத் கலவரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், செயற்கை இரத்தம் நிரப்பிய சிறு புட்டிகளோடு மும்பை மின்சார ரயிலில் ஏறிப் பயணிகளிடம் கொடுத்தார். புட்டியின் மேல் ‘பழி’ என்ற பொருள்படும் சொல் அச்சிட்டிருந்தது. ‘அச்சுறுத்தல்’ என்ற சொல்லைப் பதித்த குளியல் சோப்புகளைச் செங்கல்லாக அடுக்கிச் சுவர் எழுப்பினார். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப்போய்க் கரைத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்தது வரைபட வேலைதான். நூறு பேரிடம் தங்கள் நாட்டின் படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அவர் கையாளும் பொருள்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. யார் பேசலாம், எல்லைக் கோட்டைப் போடுவது யார் என்ற விசாரணையை மட்டும் அவர் இத்தனை ஆண்டுகளில் விடவே இல்லை. 2019இல் வெனிஸ் பினாலேயிலும் அந்த நூறு மைக்குகள் ஒலித்தன.

சோறு போடுமா என்ற உன் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. எளிதான வழி என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் இதற்கும் ஒரு தொழில்முறை இருக்கிறது. அந்த நூறு மைக் படைப்பையே அசர்பைஜானின் பாகு நகரக் கலை நிறுவனம் ஒன்றும் எடின்பரோ கலை விழாவும் சேர்ந்து கேட்டுச் செய்வித்தன. அருங்காட்சியகங்கள் விலைக்கு வாங்குகின்றன. அந்த இடத்துக்கு வர அவருக்கு இருபதாண்டுப் பிடிவாதம் தேவைப்பட்டிருக்கிறது. உன் பெண்ணின் பிடிவாதம் எப்படி என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நம் ஊரில் அவளுக்கு வேலை காத்துக்கிடக்கிறது என்றே நினைக்கிறேன். பர்மாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டு ஐயாக்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, கணக்கேட்டில் இருக்கிறது, முகப்பில் படமாகவும் மாட்டியிருக்கிறது. அவர்களை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில், வீட்டு நடுவே வானம் திறந்த இந்த வளவுகளில் உட்கார்ந்திருந்த ஆச்சிமாரின் குரல் எங்கே? அவர்கள் பாடிய தாலாட்டுகள் அச்சில் வந்திருக்கின்றன; பாடிய குரல்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்குத் திறக்கிறார்கள், மறுநாள் பூட்டுகிறார்கள். அவற்றுக்குள் அந்தக் குரல்கள் திரும்பக் கேட்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

அந்த வீடுகளில் ஒலி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவளுக்கு நான் சொல்லித் தருகிறேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் ஒலியைத் துளியும் குடிக்காது. அப்படியே திருப்பி அடிக்கும். முகப்பில் ஒரு சொல் சொன்னால் அடுத்த சொல்லின்மேல் வந்து விழும். கல்யாண வீடுகளில் நாம் சுவரோரம் ஜமுக்காளம் கட்டித் தொங்கவிட்டது நினைவிருக்கிறதா? வளவு அப்படியல்ல. மேலே வானம் திறந்திருப்பதால் ஒலி ஏறிப் போய்விடும். மெல்லிய குரல்கூடத் தெளிவாக இருக்கும். தாலாட்டைப் பதிவு செய்ய அதுதான் இடம், அதுவும் விடியற்காலையில், தெருவில் வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால்.

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தால் கடையில் வேலை குறைந்துவிடும். அப்போது பெண்ணை இங்கே அனுப்பு. நீயும் கூட வந்தால் இன்னும் நல்லது. பாடத் தெரிந்த ஆச்சிமார் இரண்டு மூன்று பேரிடம் நானே பேசி வைக்கிறேன். என்னென்ன வேண்டும் என்று அவளையே எனக்கு எழுதச் சொல். கடையில் காந்தமும் சுருளும் உள்ள பழைய டைனமிக் மைக்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவள் பிரித்துப் போட்டுப் பாழாக்கினாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

அன்புடன்,
உன் நண்பன்