கொடி போர்த்தி வழியனுப்பிய எல்லோருக்கும் நன்றி

கட்சி அன்பர்களுக்கும், கட்சிக்கு வெளியே இருந்து ஓடி வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் 10 அன்று எங்கள் பொருளாளரை இழந்த விதத்தை மறுபடி எழுதப் போவதில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் கண்ணால் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு அன்று மாலைக்குள் தகவல் வந்திருக்கும். வருடா வருடம் ராஜாஜி பிறந்த நாளில் பொதுக்கூட்டம் வைப்பவர்கள் நாம். இனி அந்தத் தேதியில் அவர் நினைவும் சேர்ந்துகொள்ளும். கட்சியில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான், அதனால் இந்த மடலிலும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மொத்தமாக ஒரு பெரிய கும்பிடு. கூப்பிட்ட வேகத்தில் வந்த 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், அவசரப் பிரிவில் கடைசி வரை முயன்ற மருத்துவர், செவிலியர்கள், வாடகைப் பணத்தைக் கையில் திருப்பிக் கொடுத்த மண்டபத்துக்காரர், சமைத்து வைத்த சாப்பாட்டை வீணாக்காமல் ஆசிரமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளைகள், விடிவதற்குள் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுத்த அச்சகம், காலையில் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டில் மாலை போட்டுவிட்டு வந்து இரவு ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட நண்பர்கள். பெயர் விட்டுப்போனவர்கள் தப்பாக நினைக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டிய நன்றி இது.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

இரவு, உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது தோன்றியது: மேலே போர்த்தக் கொடி இல்லை. நம்முடையது சின்னக் கட்சி. நிறுவியவர்களில் இதுவரை யாரும் போகவில்லை, அதனால் அந்த அளவில் ஒரு கொடி வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. இருந்தவை எல்லாம் கையில் பிடிக்கிற கொடிகள். மண்டபத்து வாசல் கம்பத்தில் கட்டியிருந்தது மட்டும் கொஞ்சம் பெரிது, அதுவும் பழசு, வெயிலில் வெளுத்து, கயிறு உரசிய இடத்தில் துருக்கறை. அதைப் போர்த்த மனம் வரவில்லை.

கடைவீதியில் எல்லாக் கட்சிக்கும் கொடி தைக்கிற தையல்காரர் ஒருவர் இருக்கிறார். அவரும் கட்சிக்காரர்தான், நமக்கு நேர் எதிரான கட்சி. வாத்தியார் எப்போது கொடி வாங்கப் போனாலும் நில உச்சவரம்பு பற்றி இருவருக்கும் சண்டை நடக்கும். வாத்தியார் 1967 தேர்தலில் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சியின் நட்சத்திரச் சின்னத்தைச் சுவர் சுவராக எழுதித் திரிந்தவர், அவர் விட்டுக்கொடுப்பாரா? டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது.

நாங்கள் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவருடைய கட்சியின் மாநாட்டுக்காகக் கொடிகள் மலையாகக் கிடந்தன, மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டிய ஆர்டர். விஷயத்தைச் சொன்னோம். செய்தி ஏற்கெனவே வந்திருந்தது போல. ஒன்றும் பேசாமல் மிஷினில் ஓடிக்கொண்டிருந்த துணியை இழுத்து ஓரமாகப் போட்டார். பிறகு கேட்டார்: "வாத்தியார் எவ்வளவு உயரம் இருப்பார்?"

எங்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் என்னை நிற்கச் சொல்லி, "உங்களுக்கு மேல ரெண்டு விரல் வரும்" என்று அவரே முடிவு செய்து டேப்பைப் போட்டார்.

நீலத்துக்கு வேறு ஏதோ ஆர்டருக்கு எடுத்து வைத்திருந்த பீஸை வெட்டினார். வெள்ளைக்குத் துணி தீர்ந்திருந்தது. உள்ளே போய் மடிப்புக் கலையாத ஒரு வேட்டியை எடுத்து வந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி, சர்ரென்று கிழித்தார். மாநாட்டுக்குக் கட்ட வாங்கி வைத்தது என்று அவருடைய உதவியாள் பையன்தான் பிறகு சொன்னான். சாதாரணமாகக் கொடிக்கு ஓரம் ஒரு மடிப்பு மடித்து ஓட்டிவிடுவார்கள், எவ்வளவு நாள் பறக்கப் போகிறது என்கிற கணக்கு. இவர் இரண்டு மடிப்பு மடித்து மெதுவாக ஓட்டினார். "மேல போடறது, பிசிறு தெரியக் கூடாது" என்றார். ஒரு பக்கம் வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "கம்பு சொருகற பட்டி வேணாம், இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பக்கத்தையும் மற்றவை மாதிரியே மடித்துத் தைத்தார்.

மருத்துவமனையில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

பணம் வாங்கவில்லை. எத்தனை தடவை நீட்டினாலும் ஒரே பதில்: "வாத்தியார் கணக்குல எழுதிக்குங்க." மறுநாள் அடக்கத்துக்கு அவர் கட்சிக் கரை போட்ட பழைய வேட்டியோடுதான் வந்தார். கரையை மறைத்துக்கொண்டு வந்திருந்தால் வாத்தியாருக்கே பிடித்திருக்காது.

1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, அரசியலில் நெடுங்காலம் எதிர்த்து நின்ற பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டதைத் தமிழ்நாட்டில் சொல்லாத மேடை இல்லை. வாத்தியாரும் வருடம் தவறாமல் சொல்வார். அதெல்லாம் பெரிய மனிதர்களுக்கு, ஊரே பார்க்கிற இடத்தில் நடப்பது என்று நான் நினைத்திருந்தேன். இங்கே பார்ப்பதற்கு ஒரு உதவியாள் பையனையும் எங்களையும் தவிர ஆளில்லை. நல்லவேளை, நான் அங்கே இருந்தேன்.

"வாத்தியார் கணக்கு" என்று அவர் சொன்னதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கு இப்போது என் மேஜையில் இருக்கிறது. கட்சியைப் பதிவு செய்ய நூறு உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றபோது வீடு வீடாகப் போய் வாங்கி வந்தவர் அவர். சட்டம் இன்னொன்றும் கேட்கிறது: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று கட்சி விதியில் எழுதித் தர வேண்டும். எதற்கும் அரசாங்க அனுமதி கேட்க வைத்த பெர்மிட் லைசென்ஸ் ராஜ்ஜியத்தை எதிர்த்து 1959-இல் ராஜாஜி தொடங்கிய கட்சியைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, "கசாயம்னு நெனச்சுக் குடிச்சாச்சு" என்றார்.

தேர்தலில் நின்றோம், தோற்றோம். டெபாசிட் திரும்பி வர ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும், நமக்கு எங்கே வரப் போகிறது? போன டெபாசிட் 10,000 ரூபாயை அவர் செலவு என்று எழுதவில்லை. பேரேட்டைத் திறந்து பாருங்கள், "அரசாங்கத்துக்கு நன்கொடை" என்று இருக்கும். 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் ஆறு வருடமாகத் தேர்தலில் நிற்காத 334 கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, "பாத்தீங்களா, நாம குடுத்த நன்கொடை வீண் போகல" என்று அவர் சிரித்ததும் நினைவில் இருக்கிறது.

ஐம்பது ரூபாய்க்குக் கயிறு வாங்கினாலும் பில் கேட்கிற மனிதர் அவர். அதனால் தையல்காரர் அண்ணனிடம் ஒரு விண்ணப்பம்: துணிக்கும் கூலிக்கும் என்ன ஆகும் என்று ஒரு சீட்டில் எழுதியாவது கொடுங்கள். பணம் தர மாட்டோம், நீங்கள் வாங்கவும் வேண்டாம். நன்கொடை வரவில் உங்கள் பெயரில் ஏற்ற வேண்டும். எதிர்க்கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர் என்று உங்கள் கட்சியில் கேட்டால் நான் வந்து பதில் சொல்கிறேன்.

கூட்டம் பாதியில் நின்றது, வரவு செலவு வாசிக்கப்படவில்லை. வாசிக்காமல் விடப் போவதில்லை. புதுப் பொருளாளர் வரும் வரை பேரேட்டை நானே எழுதுகிறேன், அவர் எழுதிய மாதிரியே அன்றன்றைக்கு. நின்றுபோன கூட்டத்தைப் பொங்கல் கழிந்து அதே மண்டபத்தில் கூட்டுகிறோம், தேதியை அவரவர் கிளைக்குத் தெரிவிப்போம்.

அப்புறம் ஒன்று. அன்று காலை மண்டப வாசலில் வாத்தியார் கையாலேயே சிலரிடம் சந்தா வாங்கியிருக்கிறார். ரசீதுப் புத்தகத்தின் கடைசி அடிக்கட்டைகள் சிலவற்றில் தொகை இருக்கிறது, பெயர் இல்லை. பணம் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் உள்ளே போனவர்கள் தயவுசெய்து என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ரசீது உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.