9,600-ஐ 900-ஆல் வகுத்தால் பயண நேரம் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பின் கேள்வி பதில் பகுதியில், லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரமாகும் என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். தூரம் 9,600 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900, ஆகவே 10 மணி 40 நிமிடம் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். வகுத்தது சரிதான். ஆனால் இன்றைக்கு லண்டனில் ஏறுகிறவர் டோக்கியோவில் இறங்க ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகிறது. பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

பதிலோடு வந்த படத்தையும் சொல்ல வேண்டும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறீர்கள். அது கஜகஸ்தான் பக்கமாகப் போகிறது. 9,600 என்பது அந்தக் கோட்டின் நீளமே இல்லை. உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, ஸ்காண்டிநேவியாவைத் தொட்டு, சைபீரியா வழியாக இறங்கும். அந்தப் பாதைக்குத்தான் 9,600.

அந்தக் குறுக்குவழி இப்போது அடைபட்டிருக்கிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிவிட்டது. ஜப்பானிய நிறுவனங்களும் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கின்றன. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு சுமார் 9 மணி நேரம், அதற்குப் பிறகு 13. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன! சோவியத் காலத்திலும் இதே கதைதான். ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போன பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போயின.

அப்புறம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பயணிகள் விமானம் இந்தக் காற்றைப் பிடித்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும் பயணம் அது. லண்டனிலிருந்து நியூயார்க் போகும்போது அதே காற்று எதிரே வரும். ஏழரை, எட்டு மணி நேரம்கூட ஆகிவிடும். டோக்கியோவிலிருந்து லண்டன் போகும் சில விமானங்கள் மேற்கே திரும்பாமல் கிழக்கே கிளம்பி, அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாகப் போகின்றன. லண்டனிலிருந்து மத்திய ஆசியா வழியாகக் கிழக்கே போய், திரும்பும்போதும் கிழக்கேயே பறந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாயிற்று. இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க இடம் கிடைக்கும்வரை வானில் வட்டமடிப்பது எல்லாம் தனி.

எனவே ஒரு வேண்டுகோள். இனி இப்படிக் கேள்வி வந்தால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று இரண்டையும் போடுங்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். குளிர்காலத்தில் டோக்கியோ லண்டனைவிட 9 மணி நேரம் முன்னால் ஓடும், கோடையில் 8. அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் அந்த மாணவிக்கு விடை 23 மணி நேரம் என்று வரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை