தலைவலி என்று சொல்பவரை மேலே கூட்டிப் போகாதீர்கள்: கயிலாய யாத்திரைக் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரிலிருந்து நம் மக்களைக் கயிலாயத்துக்கும் முக்திநாத்துக்கும் கூட்டிப் போகும் அன்பர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் 66 வயது அம்மாவோடு நானும் ஒரு குழுவில் கயிலாயம் புறப்பட்டேன். தேக்காவில் நடந்த முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் கம்பளி, உலர்பழம், ரொக்கம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார்கள். உயரத்தைப் பற்றி வந்தது ஒரே வரிதான்: "மூச்சு முட்டினால் கற்பூரத்தை முகருங்கள்."

அம்மா மூன்று மாதம் எங்கள் புளோக்கின் 12 மாடியையும் தினமும் ஏறி இறங்கிப் பழகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் தீமா. குழுவிலேயே திடமானவர் அவர்தான். ஆனால் புக்கிட் தீமா 164 மீட்டர். மானசரோவர் ஏறக்குறைய 4,590. மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் கடக்கும் டோல்மா கணவாய் 5,600-க்கும் மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் பாதிதான். அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். காலில் எவ்வளவு பலம் இருந்தாலும் அந்த நாள் குறையாது.

எங்களுக்கு அந்த நாளே தரப்படவில்லை. 150 மீட்டரில் இருக்கும் நேபாள ஊரான நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானம், அப்புறம் ஹெலிகாப்டர், அப்புறம் வண்டி. இரண்டே நாளில் 3,900 மீட்டர் அளவில் உள்ள திபெத் எல்லை ஊரான தக்லாகோட்டில் இருந்தோம். அன்று மாலை அம்மா, "தலை பாரமா இருக்கு, சாப்பாடு வேண்டாம்" என்றார். பயணக் களைப்பு, வாயு என்றார் குழுவை நடத்தியவர். இரவு இரண்டு முறை வாந்தி. காலையில் எல்லாரோடும் மானசரோவருக்கு ஏற்றிவிட்டார்கள். நானும் தடுக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மாலையில் அம்மாவால் பிளாஸ்க் மூடியைத் திருக முடியவில்லை. கேட்ட கேள்விக்கு நேரம் கழித்துப் பதில் வந்தது. எங்களோடு வந்த நேபாளிச் சமையல்காரர்தான் கவனித்தார். தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அம்மா என் தோளில் சரிந்தார். மூளையில் நீர் கோத்து வீங்கும்போது முதலில் போவது இந்த நிதானம்தான். அன்றிரவே ஆக்சிஜனோடு தக்லாகோட்டுக்கு இறக்கினோம். விடிந்தபோது காப்பி கேட்டார். அந்தக் காப்பியை நான் மறக்கவே மாட்டேன்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா?" என்று அன்று பலர் கேட்டார்கள். நடந்தும் தவழ்ந்தும் உடல் தேய்ந்த அப்பரைக் கயிலாயத்துக்கு வரவிடாமல் திருப்பி, திருவையாற்றில் காட்சி கொடுத்தவன்தானே அந்த ஈசன்!

இந்திய அரசு நடத்தும் யாத்திரையில் டெல்லியில் மருத்துவச் சோதனை, வழியில் இன்னொரு சோதனை. 70 வயதைத் தாண்டியவருக்கு அனுமதி இல்லை. அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். நம் குழுக்களுக்கு நீங்கள்தான் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான விதி. சாலை வழியில் இதை அப்படியே கடைப்பிடிப்பது கடினம், தெரியும். அதனால்தான் தக்லாகோட்டில் குறைந்தது இரண்டு இரவு கூடுதலாகத் தங்கவையுங்கள் என்கிறேன். கட்டணம் கூடினால் கூடட்டும், கொடுப்போம்.

ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: தலைவலி உண்டா, சாப்பிட்டீர்களா, குமட்டுகிறதா? தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் தெளிவாகும்வரை அது உயர நோய்தான். குறையும்வரை மேலே போகக் கூடாது. கூடினால் இறக்க வேண்டும். தள்ளாட்டம், குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, ஓயாத இருமல், இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்குங்கள். ஆக்சிஜனும் மருந்தும், ஆளைக் கீழே இறக்கும்வரை தாங்கிப் பிடிக்கத்தான். கற்பூரம் எதையும் குணப்படுத்தாது. தூக்க மாத்திரை கொடுக்கவே கொடுக்காதீர்கள், மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

முக்திநாத்தில் ஒருவருக்கு முடியாமல் போனால் ஜோம்சோமுக்கு இறக்கலாம், ஆயிரம் மீட்டர் குறைந்துவிடும். கயிலாயத்தில் சுற்றிலும் பீடபூமி. டோல்மா கணவாய்க்கு வண்டியும் வராது. அதனால் பரிக்கிரமாவுக்கு யார் போகலாம் என்பதை, அது தொடங்கும் ஊரான டார்சனிலேயே தயங்காமல் முடிவு செய்யுங்கள். திரும்புகிறவருக்காக ஒரு வண்டியும் ஒரு துணையும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

புறப்பட ஒரு மாதம் முன்பே எல்லாரையும் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அனுப்புங்கள். உயர நோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரை தங்களுக்கு ஏற்றதா என்று அவர்கள் கேட்கட்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தாலோ, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்தாலோ அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், அம்மாவும் நானும் வருகிறோம். அந்தக் கோட்டு நடையை அவரே நடந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஒரு யாத்திரிகரின் மகள்