மாத்திரை கொடுத்த கணக்கோடு, பிழைத்தவர் கணக்கும் வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் எங்கள் ஊருக்கும் வந்தது. என் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தன்னார்வலப் பெண் பிரஷர் பார்ப்பார், அட்டையில் குறிப்பார், மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். பெரியப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் வைத்திருந்த விவரம் அந்த அட்டையில் இல்லை. அது உள்ளே ஆணியில் தொங்கிய மஞ்சள் பையில், டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இதயத்துக்கான மாத்திரைகளை அவராகவே நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை. ஒரு விடியற்காலையில் வீட்டிலேயே இறந்தார். இறப்பைப் பதிவு செய்த இடத்தில் காரணம் ‘முதுமை’ என்று எழுதிக்கொண்டார்கள். அவருக்கு வயது 61.

இப்படி மூன்று தாள்களில் சிதறிக் கிடக்கும் ஒரு மனிதரின் கதையை ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்தியா உட்பட 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வு 2014இல் சொன்னதை நீங்கள் அறிவீர்கள்: இதய நோய்க்கான அபாயக் காரணிகள் பணக்கார நாட்டு மக்களிடம்தான் அதிகம், ஆனால் மாரடைப்பும் மரணமும் நம்மைப் போன்ற நாடுகளில்தான் அதிகம். அப்படியானால், நோயைக் கண்டறிந்த பிறகு கிடைக்கும் சிகிச்சையிலும் அதன் தொடர்ச்சியிலும்தான் நாம் உயிர்களை இழக்கிறோம் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த இழப்பைக் குறைக்க முடியும் என்பதற்கான சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் மூலம் இணைத்த மாரடைப்புத் திட்டத்தில் 2,420 நோயாளிகளைக் கவனித்தபோது, ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஓராண்டு கழித்தும் ஒவ்வொருவரையும் தேடி விசாரித்ததால்தான் இந்த எண் நமக்குக் கிடைத்தது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை உடனடியாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறீர்கள்; மிக நல்ல ஏற்பாடு. அதை விழுங்கியவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மருந்தைத் தொடர்கிறார்கள் என்பதையும் மாவட்டவாரியாக வெளியிடுங்கள்.

வீட்டில் நிகழும் இறப்புகளின் காரணத்தை அறிவது முடியாத காரியம் அல்ல. 1990களின் பிற்பகுதியில் சென்னையில் 48,000 பேரின் இறப்பு குறித்து, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று குடும்பத்தாரிடம் கேட்டறிந்து காரணத்தைப் பதிவு செய்தார்கள். இன்று ஒவ்வொரு தெருவையும் அறிந்த தன்னார்வலர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். தகுந்த பயிற்சியும், கூடுதல் வேலைக்கு உரிய ஊதியமும் கொடுத்து, முதலில் ஒரே ஒரு மாவட்டத்திலாவது இதைத் தொடங்குங்கள். நோயாளியின் ஒப்புதலைப் பெறுவதும், பெயரை மறைத்து விவரங்களைப் பாதுகாப்பதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

பெரியப்பாவின் அட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இன்னும் அந்த மஞ்சள் பையில்தான் இருக்கின்றன. உங்கள் பணியாளர் யாரேனும் வந்து கேட்டால், பெரியம்மா எடுத்துக் கொடுப்பார்.

இப்படிக்கு,
தங்கள் திட்டத்தின் பயனாளிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்