ஆறரைக் கட்டை

கோத்தகிரி

அன்புள்ள செல்வி,

நான்கு மாதமாகப் பதில் எழுதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, எனக்கு வேண்டியதுதான். இங்கே எல்லோரும் நலம். பச்சைத் தேயிலை விலைதான் வழக்கம்போல அழவைக்கிறது. நேற்று உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'பேத்திக்கும் நம்மைப் போலவே தொண்டை இல்லையாம், பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டோம்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. அவசரப்பட்டுவிட்டாய் செல்வி.

பச்சைக்குடை டீச்சர் நம் இருவரையும் பாட்டு வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினாரே, அதன்பிறகு 45 வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளைகளுக்குத் தாலாட்டுகூட அம்மாதான் பாடினாள். நீயாவது பாத்திரம் துலக்கும்போது பாடி ஊரை எழுப்பினாய்.

போன ஆடியில் மேல்வீட்டு வீணை அம்மாவிடம் சேர்ந்தேன். முதல் நாள் அவர் சுருதிப்பெட்டியைத் தொடவே இல்லை. 'உங்களுக்குச் சிரமமில்லாமல் எந்த ஒலி வருகிறதோ அதில் நில்லுங்கள்' என்றார். நான் முனகியதை வீணையில் தேடிப் பார்த்துவிட்டு, 'நாலு கட்டை. இதுதான் உங்கள் ஸ' என்றார். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையில் வரும் கறுப்புக்கு அரை சேர்த்துச் சொல்வார்களாம்; என்னுடையது நாலாவது வெள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ என்பது எல்லோருக்கும் பொதுவான ஓர் உயரம் என்று நினைத்திருந்தேன். இல்லையடி. நம் சரிவில் வீட்டுக்கு வீடு வாசல் வேறு உயரத்தில் இருக்கிறது அல்லவா, அவரவர் வாசலிலிருந்துதானே படி எண்ணுகிறோம்? அப்படித்தான் ஸ. வாசல் எங்கே இருந்தாலும் படிகளின் இடைவெளி மட்டும் பிசகக்கூடாது.

அந்தப் படிகளை வீணையில் கண்ணாலேயே பார்க்கலாம். தந்திகளுக்கு அடியில் வரிசையாகப் பதித்த குறுக்குக் கம்பிகள்தான் மெட்டு, மொத்தம் 24. சாரணி என்கிற முதல் தந்தியை வெறுமனே மீட்டினால் ஸ. 12ஆம் மெட்டில் அழுத்தினால் மேல் ஸ. தையல் டேப்பை வைத்து அளந்தேன், தந்தியின் பாதி! 7ஆம் மெட்டு ப. அங்கே தந்தியில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கிறது. ஸவும் பவும் அசையாதவை. ரி, க, ம, த, நி ஐந்துக்கும் இரண்டிரண்டு இடம். கூட்டிப் பார், பன்னிரண்டு வரும். அவற்றில் எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் ராகம் தொடங்குகிறது.

முதல் பாடம் மாயாமாளவகௌளை. ஸவிலிருந்து ஒரு மெட்டு, மூன்று மெட்டு, ஒரு மெட்டு ஏறினால் ம. இரண்டு தாண்டினால் ப. அங்கிருந்து மறுபடியும் அதே ஒன்று, மூன்று, ஒன்று. கோலத்தின் ஒரு பக்கம் போட்டு மறுபக்கமும் அதையே போடுவது போல. புரந்தரதாசர்தான் இதைத் தொடக்கப் பாடமாக வைத்தார் என்பார்கள். குறுகிய படியும் அகன்ற படியும் அடுத்தடுத்து வருவதால் காது சீக்கிரம் பழகிவிடுகிறது, அனுபவத்தில் சொல்கிறேன். தாளம் பற்றி நேரில் சொல்கிறேன். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை எனக்கு இன்னும் கையில் நிற்கவில்லை.

டீச்சரின் ஆர்மோனியம் எப்போதும் அந்த ஏழு கட்டை வரிசையின் கடைசிக் கறுப்புக் கட்டையில்தானே தொடங்கும்? அது ஆறரைக் கட்டை. என் இடத்துக்கு ஐந்து மெட்டு மேலே! மேல் ஸ்தாயிக்குப் போனால் நான் கத்தாமல் வேறு என்ன செய்திருக்க முடியும்? தொண்டை இல்லாமல் இல்லை செல்வி, வேறு யாருடைய வாசலிலோ நின்று படி ஏறச் சொன்னார்கள்.

பேத்தியின் வகுப்பில் எந்தக் கட்டையில் பாட வைத்தார்கள் என்று உடனே கேள். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து, அதாவது கீழ் பவிலிருந்து, மேல் பஞ்சமம் வரை கழுத்து நரம்பு புடைக்காமல் அவள் போய்வர எந்த ஸ இடம் கொடுக்கிறதோ, அதுதான் அவளுடையது. குழந்தைக் குரல் வளர வளர அது மாறவும் செய்யும். ஒரு வருடத்தில் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

அரையாண்டு விடுமுறைக்கு அவளை அழைத்துக்கொண்டு வா. மேட்டுப்பாளையத்தில் காலை பஸ்ஸைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். அவளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வை. உன் பெயரையும் வீணை அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா