டெண்டர் அறிவிப்பில் தேதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சாலை, மழைநீர் வடிகால் பணிகளுக்கு வெளியிடும் டெண்டர் அறிவிப்புகளை வாசகர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை. போட்டி நடக்குமா, பெயருக்குத்தானா என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் (1998) கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள், டெண்டர் போட அவகாசம் தர வேண்டும். நாளிதழ், டெண்டர் புல்லட்டின் (டெண்டர் அறிவிப்புகளுக்கான அரசு வெளியீடு) இரண்டில் எது பிந்தி வெளியாகிறதோ அன்றிலிருந்து கணக்கு. குறைப்பதானால், டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலுள்ளவர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். 'அவசரம்' என்று மொட்டையாக எழுதுவது காரணமாகாது. இடத்தைப் பார்த்து, ஜல்லி, எம்-சாண்ட், கம்பி விலை விசாரித்து, 18 சதவீத ஜிஎஸ்டி, 1 சதவீதத் தொழிலாளர் நலநிதி எல்லாம் சேர்த்து விலை போட நாள் வேண்டும். ஒரு வாரத்தில் போடக்கூடியவர் முன்கூட்டியே விவரம் தெரிந்தவர் மட்டுமே.

இந்த 30 நாள் விதியைத் தாண்ட ஒரு வழி, பணியைத் துண்டு போடுவது. 3 கோடி ரூபாய்ச் சாலையை ஒன்றரைக் கோடியாக இரண்டாக்கினால் 15 நாளே போதும். ஒரே தெரு, ஒரே நாளில் இரண்டு அறிவிப்பு என்றால் கவுன்சிலரிடம் காரணம் கேளுங்கள்.

அடுத்தது நிபந்தனைகள். பணியிடத்தைப் பார்வையிட்டதாகப் பொறியாளரிடம் சான்று வாங்கச் சொல்வதுதான் மிகக் கெட்டது. சான்று கேட்டு வருபவர் யார் யார் என்பது வெளியே கசிந்துவிட்டால், யார் போட்டியிடுகிறார் என்று தெரியாமல் இருக்கச் செய்யும் ஆன்லைன் டெண்டரால் என்ன பயன்? தார்க்கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. கலவை சூடு ஆறினால் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. ஆனால் ஆலை சொந்தமாக இருக்க வேண்டும் என்பது தேவையற்ற தடை. வாடகை ஒப்பந்தம் போதும்.

உறை திறந்த பிறகு, மிகக் குறைந்த விலை கேட்டவரின் தொகையே சந்தை விலையைவிட அதிகமாக இருந்தால் அவருடன் மட்டுமே பேசிக் குறைக்கலாம். இரண்டாமவரை அழைத்துப் பேச இடமில்லை. மதிப்பீட்டைவிட மிகத் தாழ்வாகக் கேட்பவரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே கூடுதல் காப்புத்தொகை வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நஷ்டத்தைத் தார் அடுக்கின் கனத்தில் ஈடுகட்டிவிடுவார்.

பாதிக்கப்பட்ட ஒப்பந்ததாரர், உத்தரவு கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவையே தாமதமாகக் கொடுத்தால், பணி பாதி முடிந்த பிறகுதான் அவர் முறையிட முடியும். ஆகவே யார் என்ன விலை கேட்டார் என்ற ஒப்பீட்டுப் பட்டியலையும் நிராகரிப்புக் காரணங்களையும் முடிவெடுத்த அன்றே இணையதளத்திலும் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் வெளியிட நகராட்சி நிர்வாகத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர், திருச்சி