அந்த பேஸ் கேட்காமல் போனது கோளாறு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹெவி மெட்டல் இசை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நம் பத்திரிகைகளில் இந்த இசையைப் பற்றி நாலு வரி வருவதே அபூர்வம். எழுதியவருக்கு முதலில் நன்றி. ஆனால் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா 1988-இல் வெளியிட்ட ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தைப் பற்றிச் சொல்லும்போது, ‘ஒலிப்பதிவுக் கோளாறால் பேஸ் கிட்டார் கேட்காது’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். கோளாறு என்றால் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். அது கோளாறே இல்லை. குறைக்கச் சொல்லிக் குறைத்தது.

நான் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ், அதாவது பாட்டுக்கு அடிநாதம் தரும் கிட்டார், வாசிக்கிறவன். இந்த ஆல்பம் எனக்கு முதலில் கிடைத்தது பாளையங்கோட்டையில், கேசட் பதிவுக் கடையில் போட்டுத் தந்த ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட்டில். இளையராஜா பாட்டில் பேஸ் எங்கே போகிறது என்று விரலால் தொடையில் தட்டிக்கொண்டே வளர்ந்த காது எனக்கு. இதில் தேடித் தேடிப் பார்க்கிறேன், அடியில் ஒன்றுமே இல்லை. டேப் ரிக்கார்டரின் ஹெட்டில்தான் அழுக்கு என்று நினைத்துப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பேஸ் குமிழை முழுக்கத் திருகினேன். டிரம்ஸின் கிக்கும் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டாரும்தான் இன்னும் பெரிதாக வந்தன. வாசித்தவர் வரவில்லை.

அவர் பெயர் ஜேசன் நியூஸ்டெட். 1986 செப்டம்பர் 27 விடியும் முன் ஸ்வீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்து, பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 24 வயதில் இறந்துபோனார். ஏறக்குறைய ஒரே மாதத்தில் அவர் இடத்துக்கு நியூஸ்டெட்டை எடுத்தார்கள். எடுத்தார்களே தவிர, ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. துக்கத்தையெல்லாம் புதுப் பையன் தலையில் இறக்கினோம் என்று பிற்பாடு அவர்களே பேட்டிகளில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1988 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் ஒன் ஆன் ஒன் ஸ்டூடியோவில் பதிவு தொடங்கியது. முதலில் தயாரிப்பாளர் மைக் கிளிங்க் பொறுப்பில் இருந்தார். சரிப்பட்டு வராமல், முந்தைய இரண்டு ஆல்பங்களைச் செய்த ஃபிளெமிங் ராஸ்முஸனை டென்மார்க்கிலிருந்து வரவழைத்தார்கள். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் வாரக்கணக்கில் மெனக்கெட்டார்கள். நியூஸ்டெட் வாசித்தபோது தயாரிப்பாளரும் பக்கத்தில் இல்லை, மற்ற மூவரும் இல்லை. ஒரு உதவிப் பொறியாளரை மட்டும் வைத்துக்கொண்டு தன் பகுதிகளை முடித்துவிட்டுப் போனார். முதல் பாட்டு ‘பிளாக்கன்ட்’ எழுதியதில் அவருக்கும் பங்கு உண்டு, பெயரும் போட்டிருக்கிறது. தான் சேர்ந்து எழுதிய பாட்டிலேயே அவர் வாசிப்பு கேட்காது.

தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங்கை ஸ்டீவ் தாம்சன், மைக்கேல் பார்பியரோ என்ற இருவரிடம் கொடுத்தார்கள். தாம்சன் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார்: டிரம்மர் லார்ஸ் உல்ரிக் வந்து, பேஸ் காதில் விழுந்தும் விழாமலும் இருக்கிற அளவுக்கு இறக்கச் சொன்னார்; இறக்கிக் காட்டியதும் இன்னும் இறக்கச் சொன்னார். அந்தச் சமயம் உல்ரிக்கும் ஹெட்ஃபீல்டும் பெரிய பெரிய மைதானங்களில் வாசித்துவிட்டு, காது ஓய்ந்த நிலையில் மிக்ஸிங்குக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஹெட்ஃபீல்ட் சொல்கிற காரணம் அதுதான். கிட்டார் வாசித்ததையே பேஸும் ஒட்டி வாசித்ததால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டது என்றும் சொல்வார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. ஹெட்ஃபீல்டின் கிட்டார் ஒலியில் நடுப்பகுதியை வழித்து எடுத்துவிட்டு அடியைக் கனமாக வைத்திருக்கிறார்கள். பேஸ் உட்கார வேண்டிய இடத்தில் கிட்டார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இடம் போதவில்லை என்றால் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பதுதானே மிக்ஸிங் வேலை? ஆளையே எழுப்பி வெளியே அனுப்புவதா?

ஒரு கோயில் கொடையில் எனக்கு இது நடந்திருக்கிறது. மூன்று மணி நேரக் கச்சேரி முடிந்து, மேடையை விட்டு இறங்கி மிக்சர் பக்கம் போனேன். என் சேனலின் ஃபேடர், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கட்டை, அடியோடு கீழே கிடந்தது. மைக்செட்காரர் ‘இரைச்சலா இருந்துச்சுண்ணே’ என்றார். மேடையில் எங்களுக்காக வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்டதை நம்பி, ஊரே கேட்கிறது என்று வாசித்திருக்கிறேன். எனக்கு ஒரு ராத்திரி. நியூஸ்டெட்டுக்கு அது அமெரிக்காவில் மட்டுமே பல லட்சம் பிரதி விற்ற ஆல்பம். முடிந்த மிக்ஸைக் கேட்டுக் கொதித்துப்போனதாக அவரே சொல்லியிருக்கிறார்.

2009-இல் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டுக்காகச் சில பாட்டுகளின் டிராக்குகள், ஒவ்வொரு வாத்தியத்தின் பதிவும், தனித்தனியாகப் பிரிந்து வந்தன. ரசிகர்கள் பேஸை மேலே தூக்கி வைத்து இணையத்தில் போட்டார்கள். இந்த ஆல்பத்தின் ‘டயர்ஸ் ஈவ்’ பாட்டில் அந்த பேஸை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். அவ்வளவு வேகத்திலும் மீட்டும் பிளெக்ட்ரம் சில்லு கம்பியில் விழுகிற சத்தம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது, கிட்டாரோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. கேசட் ஹெட்டைத் துடைத்த அந்த நாள் ஞாபகம் வந்து, கண் கலங்கிவிட்டது.

ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். பில்போர்டு பட்டியலில் 6-ஆம் இடம், 1989 கிராமியில் ஜெத்ரோ டல் என்ற ராக் குழுவிடம் தோற்றது எல்லாம் சரி. மறு வருடம் ‘ஒன்’ பாட்டுக்கு கிராமி கிடைத்ததையும் சேர்த்திருக்கலாம். 65 நிமிடமும் வறண்டு, இறுகிப்போய் ஒலிக்கும் இந்த ஆல்பம் எனக்கு உயிர். அந்த வறட்சிதான் அதன் அழகு என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். 2018-இல் மறுவெளியீடு வந்தபோதும் மிக்ஸைத் தொடாமலே விட்டார்கள். நடந்ததை மாற்ற வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. சரி, பாட்டை மாற்ற வேண்டாம். யார் வாசித்தார் என்பதையாவது நாம் சரியாக எழுதலாமே.

கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் ஹெட்ஃபீல்ட், உல்ரிக், கிர்க் ஹாமெட் என்று மூன்று பேர்தான் இருக்கிறார்கள். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: பேஸ் கிட்டார், ஜேசன் நியூஸ்டெட்.

இப்படிக்கு,
ஒரு பேஸ் கிட்டார் கலைஞர்,
பாளையங்கோட்டை